சாயங்காலக்காரரின் பூ அலங்காரம்

“ஹலோ… ஹலோ? சார், கேட்குதா? … ஆங், கேட்குது, கேட்குது. சாயங்காலக்காரர்தானே பேசுறது? … இல்ல சார், பேர் தெரியல. மண்டப மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டுல நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார். மேல ‘சாயங்காலக்காரர்’னு போட்டிருக்கார். … ஆமா, ஆமா, இருபத்தி நாலாம் தேதி. அதேதான். நீங்க சாயங்காலம், நாங்க காலை. நான் காலைக்காரன். பொண்ணோட அப்பா.”

சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்துதான் போன் பேசுவார். எதிரில் இருப்பவருக்குத் தெரியுமோ தெரியாதோ, முதுகு நாற்காலியில் படக் கூடாது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் நிலத்தை அளந்து எல்லைக் கல் நட்டவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், அடுத்தவர் எல்லைக்குள் ஓர் அங்குலம் கால் வைப்பதென்றால் அவருக்குக் கூச்சம். இந்த எண்ணை அழுத்துவதற்கு மூன்று நாள் ஆயிற்று. இன்றைக்கும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் அழுத்தினார்.

கேட்கப் போவது அப்படிப்பட்ட விஷயம். மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நூற்றிருபது பேர், அரைநாள் மண்டபம், கடன் கிடையாது. கடன் என்று பேச்செடுத்தால் கல்யாணமே வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிற வேலை அவளுக்கு. எதிலும் ஒரு சொட்டு அதிகம் ஆகாது. மண்டபத்துக்காரர்கள் காலை வேளையைப் பாதி வாடகைக்கு விட்டார்கள். மேடை அலங்காரத்துக்கு மட்டும் வழியில்லை. அப்போதுதான் மேனேஜர் காதோடு காதாகச் சொன்னார்: சாயங்காலம் எடுத்திருப்பவர்கள் முந்தின நாளே பூவெல்லாம் கட்டிவிடுவார்கள், அவர்கள் சம்மதித்தால் காலையில் நீங்கள் அதே மேடையில் நடத்திக்கொள்ளலாம்.

“சார், வந்து… ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான். நீங்க முந்தின நாளே மேடையில பூ கட்டிருவீங்களாமே? … சரி. … சரி, சரி. அதை நாங்க… தொடமாட்டோம் சார், அதை முதல்ல சொல்லிடறேன். ஒரு இதழ் உதிராது. பின்னாடி அது இருக்கிற மாதிரி, முன்னாடி நாங்க சடங்கை முடிச்சு, வரவேற்பும் முடிச்சு, மதியச் சாப்பாட்டோட மூணு மணிக்குக் கிளம்பிடுவோம். அவ்வளவுதான். இதுக்கு உங்க… என்ன சொல்றது… உங்க அனுமதி.”

அனுமதி என்ற சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

“… தாராளமாவா? … அட. யோசிச்சுச் சொல்லுங்க சார், அவசரமில்ல. … யோசிச்சாச்சா? … ரொம்ப, ரொம்ப சந்தோஷம். பெரிய மனசு உங்களுக்கு.”

அறையின் மறுபக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சர்வேயர் அவளைப் பார்த்து, நானே சாதித்தேன் என்பதுபோல் கையை விரித்துக் காட்டினார்.

“… ஆங், சொல்லுங்க. … பின்னாடி எழுத்து வருமா? என்ன எழுத்து? … இருபத்தஞ்சா? பூவாலேயே? … ஓ, வெள்ளி விழாவா. சார், அதை மட்டும் காலையில ஒரு வெள்ளைத் துணியால மூடிக்கலாமா? இல்லைன்னா பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆன மாதிரி ஆயிடும். … ஆமா, ஆமா. எங்க பொண்ணுக்கே வயசு இருபத்தொன்பது. வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. … ஹா ஹா, நன்றி.”

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. காலை நீட்டிக்கொண்டார். முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

“தப்பா நினைக்காதீங்க, வெள்ளி விழா கொண்டாடுறவர் குரலா இது? சின்னப் பிள்ளை குரலா இருக்கே. … ஓ! உங்களுக்கு இல்லையா? … மாமனார் மாமியாருக்கா! … அடடே. … என்னது, அவங்களுக்கே தெரியாதா? … ரகசியமாவா வெச்சிருக்கீங்க? … யார்கிட்ட சொல்லப் போறேன் நான்? எனக்கு அவங்களையும் தெரியாது, உங்களையும் தெரியாது. … கொடுத்து வெச்சவர்ப்பா உங்க மாமனார். ஆமா… கொடுத்து வெச்சவர்.”

கடைசி வார்த்தையில் சுரம் இறங்கிவிட்டது. யாரோ ஒரு மனிதனுக்கு மாப்பிள்ளை வந்து ஒளித்து வைத்து விழா எடுக்கிறான். அவருக்கும் இருபத்தைந்தாவது வருடம் வந்தது, போயிற்று. அன்றைக்கு ஏதோ ஒரு குளக்கரையில் நிலமளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“தம்பி… தம்பின்னு கூப்பிடலாமில்ல? … ஒரு தகவலுக்குக் கேட்கிறேன். மேடை என்ன நீளம் வருது? பூ கட்டுற நீளம். … முப்பத்தி நாலு அடியா? … முப்பத்தி நாலா! நல்லாத் தெரியுமா? டேப்பு வெச்சு அளந்தாங்களா, இல்ல குத்துமதிப்பா? … டேப்புதான். சரி. ரெண்டடி ஜாஸ்தி!”

மனைவி மடித்த துணியை மடியில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும், பேச்சு இனி எந்தப் பக்கம் திரும்பும் என்று. மூன்று மாதமாக இந்த வீட்டில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

“எதைவிட ரெண்டடி ஜாஸ்தியா? … விடுங்க, அது எங்க குடும்ப விஷயம். … இல்ல, ஒண்ணுமில்ல. … சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முகம் தெரியாத மனுஷர், நல்ல மனுஷர். எனக்கு ஒரு தம்பி இருக்கான். கூடப்பிறந்தவன். மூணு மாசத்துக்கு முன்னாடி அவன் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணான். அது கல்யாணமா? பொருட்காட்சி! எண்ணூறு பேர். வாசல்ல கலர் கலரா தண்ணி பீச்சுற நீரூற்று. மேல ஒரு கேமரா, தலைக்கு மேல வண்டு மாதிரி ஙொய்னு பறக்குது. நான் குனிஞ்சா அதுவும் குனியுது. அஞ்சு அடுக்கு கேக். அதை வெட்ட ஏணி வேணும். … சிரிக்காதீங்க, நிஜம். மேடை முப்பத்திரண்டு அடி. … எப்படித் தெரியுமா? நடந்து பார்த்தேன். என் அடி ஒண்ணு ரெண்டரை அடி. பதிமூணு வெச்சேன், கடைசி அடி அரைகுறை.”

அளந்ததைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கமே இல்லை. ஒரு தொழிலாளி தன் தொழிலைச் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

“… என்ன பண்றானா? வியாபாரம். நான் படிச்சேன், அவன் படிக்கல. நான் கவர்மென்ட்டு, அவன் கடை. இப்ப அவன் கார்ல வரான், நான் பஸ்ல போறேன். போகட்டும், அதுல எனக்கு வருத்தமில்ல. … இல்லவே இல்ல. கேளுங்க, விஷயம் அது இல்ல. முதல் வரிசையில போய் உட்கார்ந்தேன். மூத்தவன், வேற எங்க உட்காருவேன்? ஒரு பய வந்தான், காதுல ஒயரு, கையில வாக்கிடாக்கி. ‘சார், இது கம்பெனிக்காரங்களுக்கு, நீங்க மூணாவது வரிசைக்கு வாங்க’ன்றான். என்னை! பொண்ணோட பெரியப்பாவை! … ஆமா. … ஆமா, எழுந்தேன். மூணாவது வரிசைக்குப் போவேனா? நேரா வாசலுக்குப் போனேன். ஒரு வாய் தண்ணி குடிக்கல. இன்னிக்கு வரைக்கும் அவன் வீட்டு வாசப்படி மிதிக்கல. போன்ல அவன் நம்பரையும் அழிச்சுட்டேன். பொண்ணு கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடவும் இல்ல, கூப்பிடவும் மாட்டேன். மானம்னு ஒண்ணு இருக்கில்ல தம்பி?”

மனைவி எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள். ‘யாரிடம் போய் இதையெல்லாம்’ என்று அவள் கண் கேட்டது. அவர் போனைக் கையால் பொத்தி, “நீ சும்மா இரு, மனுஷர் ஆர்வமா கேட்கிறார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“ஹலோ? இருக்கீங்களா? … ஏன் குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு? … மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ளை? … ஓ, தம்பியோட மாப்பிள்ளை எப்படின்னு கேட்கிறீங்களா? அவர்கிட்ட நான் பேசல. மேடையில பார்த்ததுதான். பல்லுப் புடுங்குறவராம். எல்லாரும் போட்டோவுக்குச் சிரிக்கிறாங்க, அவர் அவங்க வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், எந்தப் பல்லைப் புடுங்கலாம்னு. … ஹா ஹா ஹா! சிரிக்கிறீங்களா? நல்லாச் சிரிங்க. … அட, மூச்சு விட்டுச் சிரிங்கப்பா. நானும் சிரிச்சு மூணு மாசமாச்சு. … தம்பி, இவ்வளவு பேசுறோம், நீங்க என்ன வேலைன்னே கேட்கல. … டாக்டரா? சந்தோஷம். எதுக்கு டாக்டர்? …”

சர்வேயரின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. வாய் மூட மறந்துவிட்டது.

“… எதுக்கு? …

… பல்லுக்கா.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

“… உங்களுக்கு… கல்யாணமாகி… எத்தனை நாள் ஆச்சு? … மூணு மாசம். … ம். … மாமனாருக்கு என்ன கடை? … இல்ல, நீங்களே சொல்லுங்க. … டைல்ஸ் கடை. … ம்ம். … ஆமா. … ஆமா, நான்தான். அவன் அண்ணன்தான்.”

சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். இருபத்தி நாலாம் தேதி. தம்பியின் கல்யாண நாள். மண்டபம் காலியாக இருந்த நாள், வாடகை குறைந்த நாள் என்று மட்டும்தான் அதை அவர் பார்த்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் அதே தேதியில் வாசலில் நின்று கைகூப்பி எல்லோரையும் வரவேற்றவர் அவர்தான். தம்பி வீட்டுக் கேக்கின் அடுக்கை எண்ணத் தெரிந்தவருக்கு, தம்பியின் நாள் மறந்துபோயிற்று.

“நீங்க… கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? … எங்க தெரிஞ்சுது? … ஙொய்னு பறந்த கேமராகிட்டயா? அப்பவே தெரிஞ்சுடுச்சா! அப்புறமும் மாப்பிள்ளை எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. … மன்னிப்பெல்லாம் நீங்க கேட்காதீங்க மாப்பிள்ளை. பேசினது நான். பேசினது பேசினதுதான், வாபஸ் வாங்கமாட்டேன். பல்லு விஷயத்தை மட்டும் வாங்கிக்கிறேன்.”

அவர் எழுந்து நின்றார். நின்றால்தான் இதைச் சொல்ல முடியும்.

“ஒரு விஷயம். அந்தப் பூ எங்களுக்கு வேண்டாம். … இல்ல, கோபமில்ல. வேண்டாம், அவ்வளவுதான். மண்டபம் பாதி வாடகை, மேடை வெறும் மேடை, ஆனா என் பொண்ணு. என் தம்பிக்குன்னு கட்டின பூவுக்கு முன்னாடி என் பொண்ணை நிறுத்தமாட்டேன். காலையில எங்க சடங்கு முடியற வரைக்கும் எல்லாத்தையும் திரை போட்டு மூடிடச் சொல்லுங்க. … மூட முடியாதா? … முப்பத்தி நாலடிக்கு எங்க போறது துணிக்கு? அது உங்க பாடு.”

மனைவி போனைப் பிடுங்க வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். சாப்பாட்டு மேசையை ஒரு முறை சுற்றி வந்தார்கள். கீழே தெருவில் ஒருவன் மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன? … என்ன உதவி? நான் உங்களுக்கா? … சொல்லுங்க, கேட்கிறேன். … ம். … ம். … அவங்களை மண்டபத்துக்குக் கூட்டிட்டு வர வழி தெரியலையா? … காரணம் சொன்னா கண்டுபிடிச்சுடுவாரா? அவன் அப்படித்தான். சின்ன வயசுல கண்ணைக் கட்டி விளையாடினாலும் துணிக்குக் கீழே பார்ப்பான். … சரி. அதுக்கு? … என் பொண்ணு கல்யாணமா? …”

நடை நின்றது.

“… காலையில எங்க கல்யாணத்துக்குன்னு அவங்க வருவாங்க. அப்படியே சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெச்சுக்கணும். … அதாவது, நான் கூப்பிடணும். … உங்க பொண்டாட்டி யோசனையா? அந்தப் பொண்ணா சொன்னா? ‘பெரியப்பா எங்கே கூப்பிட்டாலும் அப்பா வந்துடுவார்’னா? … அப்படியா சொன்னா. … ம். … ஒரு மாசமா என்கிட்ட கேட்கப் பயந்துக்கிட்டு இருந்தாளா. என்ன, நான் கடிச்சுடுவேனா? … அது சரி. கடிப்பேன்.”

அவர் மீண்டும் உட்கார்ந்தார். ஒரு நினைப்பு மெல்ல வந்து அவர் மனதில் உட்கார்ந்தது. நல்ல நினைப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அது வந்ததும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கிறேன். காலையில அவன் உள்ளே வரும்போது, அந்த மேடை யாரோடதுன்னு அவனுக்குத் தெரியாதில்ல? … தெரியவே தெரியாது. … இருபத்தஞ்சையும் நாம துணி போட்டு மூடிடுவோம். … அப்ப அவன் என்ன நினைப்பான்? … ஆமா! நான் பண்ணதுன்னுதானே நினைப்பான்? … முப்பத்தி நாலடி! பென்ஷன் வாங்குற அண்ணன் எப்படிடா இதைப் பண்ணான்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவன் வயிறு… … இல்ல, அவன் நல்லா இருக்கணும். நல்லா இருக்கணும். ஆனா ஒரு அரைநாள். ஒரே ஒரு அரைநாள் எரியட்டும் மாப்பிள்ளை. மூணு மாசம் எனக்கு எரிஞ்சிருக்கு.”

தலையில் கை வைத்துக்கொண்டாள் மனைவி. ஆனால் அவள் வாயோரம் சிரிப்பு ஒளிந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

“சரி. ஒத்துக்கிட்டேன். பூ உங்களோடது, சாக்கு எங்களோடது. அழைப்பிதழை எங்க வீட்டுக்காரி கையில கொடுத்து அனுப்பறேன். … நானா? நான் பேசமாட்டேன். பத்திரிகை போகும், வந்தா வரட்டும். … முதல்ல போன் பண்றது நான் இல்ல. அதை மட்டும் என்னைக் கேட்காதீங்க. மூத்தவன் மூத்தவனாத்தான்… … என்ன? யாரு வந்தது? … ஹலோ? … யார் அங்க பேசுறது? … மாப்பிள்ளை, சொல்லிடாதீங்க… என் பேரைச் சொல்லாதீங்க… போனை அவன்கிட்ட கொடுக்காதீங்க… மாப்பிள்ளை!”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, அணைப்பதற்காகக் கட்டை விரலை உயர்த்தினார். மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் பிடித்ததில்லை. விரல் உயர்ந்தபடியே இருந்தது. பிறகு போன் மெல்லக் காதுக்குத் திரும்பியது.

“…

… ம். நான்தான்.

… சொல்லு. … இல்ல, நீ சொல்லு. … நல்லா இருக்கேன். அவளும் நல்லா இருக்கா. … ஏன், நான் போன் பண்ணக் கூடாதா? … உன் நம்பருக்கு ஏன் பண்ணலையா? உன் நம்பர்… இருக்கு. எங்கே போகும்? உன் மாப்பிள்ளையை முதல்ல கூப்பிட்டேன். புது மாப்பிள்ளையைத்தான் முதல்ல கூப்பிடணும், அதுதான் முறை. உனக்கு எங்கே அதெல்லாம் தெரியும்? … கல்யாணம்டா. பாப்பாவுக்குக் கல்யாணம். … உனக்கு முன்னாடியே தெரியுமா? யார் சொன்னா? … ஓ, மாப்பிள்ளைப் பையன் ஸ்கூலுக்கு நீதான் டைல்ஸ் போட்டியா. … ம். … ஆமா, கணக்கு வாத்தியார். நல்ல பையன். அதிகம் பேசமாட்டான். நம்ம வீட்டுக்கு அது வசதி.”

மூன்று மாதமாகப் பேசாதவரிடம் ‘நம்ம வீடு’ என்று சொல்லிவிட்டதை உணர்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இருபத்தி நாலாம் தேதி. காலை ஒன்பது மணி. குடும்பத்தோட வந்துடு. … என்ன பண்ணணுமா? ஒண்ணும் பண்ண வேண்டாம். … மேடை அலங்காரமா? நீ எடுத்துக்கிறியா? … வேண்டாம்! … வேண்டாம்னா வேண்டாம். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. உனக்குத்தான் பண்ணத் தெரியுமா? … வந்து பாரு. நீளத்தை மட்டும் பாரு. நான் இப்ப சொல்லமாட்டேன். … எவ்வளவு ஆச்சுன்னு நீ ஏன் கேட்கிறே? நான் உன் நீரூற்றுக்கு எவ்வளவுன்னு கேட்டேனா? … ஆமா, பெருசுதான். ரொம்பப் பெருசு.”

தம்பிக்காகக் கட்டப்போகும் பூவைக் காட்டித் தம்பியிடமே பெருமையடித்துக்கொள்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் இனித்தது. இத்தனை நாளுக்குப் பிறகு வாயில் ஓர் இனிப்பு.

“… என்னது? மதியமே கிளம்புறியா? … அது எப்படி? … என்ன வேலை சாயங்காலம்? … ம். … ம். உன் கல்யாண நாளா. … தெரியும்டா, தெரியாமலா? … இருபத்தஞ்சாவது வருஷம். அவளைக் கூட்டிட்டு எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம்னு இருக்கியா? ரெண்டு பேர் மட்டும். … நல்ல யோசனைதான். … இல்ல, நல்ல யோசனை இல்ல. அன்னிக்கு வேண்டாம். மறுநாள் போ. … ஏன்னா… ஏன்னா மண்டபத்துல வேலை இருக்கு. … சாப்பாட்டுக்கு அப்புறம்தான்டா வேலையே. வாடகைப் பாத்திரம் எண்ணிக் கொடுக்கணும். நாற்காலி எண்ணணும். … கடைப் பசங்களை அனுப்புறியா? வேண்டாம். … பத்துப் பேரா? பத்துப் பேர் எதுக்குடா நாற்காலி எண்ண? … ஆளுக்குப் பஞ்சமில்ல. … அப்புறம் நீ எதுக்கா?”

இன்னும் ஒரு பொய் வேண்டும். தேடினார், கிடைக்கவில்லை. ரகசியம் பல்லிடுக்கில் நிற்கிறது. அங்கே மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது இவருக்குத் தெரிந்தது. இங்கே மனைவியும் அப்படித்தான்.

“நீ எதுக்குன்னா… டேய், ஒரு பொண்ணுதான்டா எனக்கு. அவ மூணு மணிக்கு மாப்பிள்ளையோட கிளம்பிப் போயிடுவா. அதுக்கப்புறம் அந்தப் பெரிய கூடத்துல நானும் உங்க அண்ணியும் மட்டும் நிக்கணும். அப்ப நீ பக்கத்துல இருக்கணும். … ஆமா. … ஆமா, நான்தான் சொல்றேன், வேற யாரும் சொல்லிக் கொடுக்கல. … போதுமா?”

சாக்குக்காகத்தான் தொடங்கினார். சொல்லி முடித்தபோது அது சாக்காக இல்லை. அந்தக் கூடமும், துடைத்த மேசைகளும், இழுத்துப்போட்ட நாற்காலிகளும், வாசலில் திரும்பும் வண்டியும் கண்ணுக்கு முன் வந்துவிட்டன. அதைப் பற்றி இதுவரை அவர் நினைக்கவே இல்லை. மேடையின் நீளத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“… ஹலோ? … இருக்கியா? … ம். … வருவியா? … கடைசி வரைக்கும்? … சரி. … சரி, சரி. … என்ன கேட்கணும்? கேளு. …”

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“… அன்னிக்கு ஏன் சாப்பிடாமப் போனேன்னா கேட்கிறே?”

பதில் தயாராகத்தான் இருந்தது. முதல் வரிசை, வாக்கிடாக்கி, மூணாவது வரிசை. மூன்று மாதமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வழவழப்பான பதில். சற்று முன்புகூட ஒருமுறை சொன்னார். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“பொறாமைடா. … ஆமா, சரியாத்தான் கேட்டே. பொறாமை. வயித்தெரிச்சல். … இரு, சொல்ல விடு. அந்த ஒயருக்காரப் பயல் எழுப்பலைன்னாலும் நான் எழுந்திருப்பேன். நாற்காலி எனக்கு ஒரு சாக்கு. உன் பொண்ணு மேடையில நிக்கிறா. என் பொண்ணு, அஞ்சு வயசு மூத்தவ, கீழே உட்கார்ந்து அவ சேலை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கா. சிரிச்சுக்கிட்டே பண்றா. அதைப் பார்த்துக்கிட்டு அங்க எனக்கு உட்கார முடியல. உன் பொண்ணு நல்லா இருக்கணும்னு மனசார நினைச்சுக்கிட்டேதான் அந்த வயித்தெரிச்சலும் பட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்குமான்னு கேட்காதே. இருந்துச்சு. … அவ்வளவுதான். இதை உங்க அண்ணிகிட்டகூட நான் சொல்லல. இப்ப பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கா.”

மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் கையிலிருந்த துணி மீண்டும் கலைந்துவிட்டிருந்தது. அவள் அவரைப் பார்க்காமல் அதை மடிக்கத் தொடங்கினாள்.

“… ஏன்டா பேசமாட்டேன்றே? … சிரி, பரவாயில்ல. … சிரிக்கலையா? … என்னது? … உனக்கா? … என் மேலயா? … போடா, சும்மா எனக்கு ஆறுதலுக்குச் சொல்லாதே. … நிஜமாவா? … எப்பலேர்ந்து? … அடேயப்பா, அப்பலேர்ந்தா? இன்னமுமா? … சரி, என்னத்துக்கு? என்கிட்ட என்னடா இருக்கு, நீ பொறாமைப்பட? வாடகை வீடு, பஸ் பாஸ், மூட்டுவலி. … சொல்லு. … ஆங்? … கேட்கல. … உன் குரல் விட்டு விட்டு வருது. கொஞ்சம் வெளியே வந்து பேசு. … என்னத்துக்குன்னு சொன்னே? … ஹலோ? … ஹலோ!”

போன் செத்துவிட்டிருந்தது. அவர் அதைக் குலுக்கிப் பார்த்தார். திரையைத் துடைத்தார். துண்டுச் சீட்டைத் தேடினார். மேசைக்குக் கீழே விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார்.

டொக் டொக் என்று பிஸியாக இருக்கும் சத்தம்.

வைத்துவிட்டு உடனே மறுபடி அழுத்தினார். அதே சத்தம். மூன்றாவது முறையும் அதே.

மனைவி கையைத் தாழ்த்திச் சைகை செய்தாள். கீழே வையுங்கள், அங்கிருந்து அவரும் போட்டுக்கொண்டிருப்பார், இரண்டு பேரும் போட்டால் எப்படிக் கிடைக்கும். அவருக்குப் புரிந்தது. சும்மா இருந்தால் ஒரு நிமிடத்தில் தானாகவே மணி அடிக்கும் என்பதும் புரிந்தது. போனை மேசையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஓதம் ஏறிய சுவர், இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், மூன்றாவது முறையாக அதே துணியை மடித்துக்கொண்டிருக்கும் மனைவி. என்ன இருக்கிறது இதில்?

மணி அடிக்கும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து நான்காவது முறை அழுத்தினார்.

“என்னத்துக்குன்னு மட்டும் சொல்லிடுடா,” என்றார், டொக் டொக் என்ற அந்தச் சத்தத்திடம்.